டிஎன்ஏ நகலாவது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மரபணுப் பரிசோதனை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகையில், செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்படுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் எழுப்பிய கேள்விகள் பல. தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

'டிஎன்ஏ தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்கிறது' என்று படிக்கிறோம். உயிரில்லாத ஒரு மூலக்கூறு தன்னைத்தானே எப்படி நகலெடுக்க முடியும்?
– பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

முடியாது. டிஎன்ஏவை மட்டும் தனியே பிரித்தெடுத்து நீரில் கரைத்து எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் அது இரண்டாகப் போவதில்லை. நகலெடுக்கும் வேலையைச் செய்பவை செல்லிலுள்ள நொதிகளும் அவற்றுக்குத் துணைநிற்கும் பிற புரதங்களும்தான். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வர வேண்டும் என்ற தகவலைத் தருவது மட்டுமே டிஎன்ஏவின் பங்கு. ஆனால் அந்தப் பங்கை அது தரும் விதம் மிக நேர்த்தியானது என்பதால்தான் 'தன்னைத்தானே' என்று சொல்லும் வழக்கம் வந்திருக்க வேண்டும்.

டிஎன்ஏ என்பது ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு நீண்ட இழைகள். ஒவ்வோர் இழையிலும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் வெவ்வேறு வரிசையில் அமைந்திருக்கின்றன. இவற்றையே எழுத்துகள் என்கிறோம். ஓர் இழையில் அடினைன் இருக்கும் இடத்துக்கு எதிரே மற்ற இழையில் தைமின் இருக்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசின் இருக்கும். அடினைனும் தைமினும் எப்போதும் சம அளவில் காணப்படுகின்றன என்பதையும், குவானைனும் சைட்டோசினும் அப்படியே என்பதையும் எர்வின் சார்காஃப் முன்னரே அளந்து சொல்லியிருந்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் 1952-இல் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படம், மூலக்கூறு சுருள் வடிவில் இருப்பதைக் காட்டியது. இவற்றையெல்லாம் இணைத்து ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை 1953 ஏப்ரல் 25-இல் வெளியிட்டார்கள். எழுத்துகள் இப்படி இணைசேர்வதே நகலெடுப்பதற்கான வழியையும் காட்டுகிறது என்று அந்தக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த மாதம் வெளியான இரண்டாவது கட்டுரையில்தான் அதை விளக்கினார்கள். இரண்டு இழைகளையும் பிரித்துவிட்டால், எந்த ஓர் இழையைக் கையில் எடுத்தாலும் அதன் எதிர் இழையை முழுமையாக எழுதிவிடலாம் என்பதே அந்த விளக்கத்தின் சாரம்.

எழுதுவது யார் என்பதை 1956-இல் ஆர்தர் கோர்ன்பெர்க் கண்டுபிடித்தார். செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஈ.கோலி பாக்டீரியாவைச் சிதைத்து எடுத்த சாற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த நொதி, நான்கு எழுத்துகளையும் மாதிரிக்குச் சிறிதளவு டிஎன்ஏவையும் கொடுத்தால் சோதனைக் குழாயிலேயே புதிய டிஎன்ஏவை உருவாக்கியது. டிஎன்ஏ பாலிமரேஸ் என்று பெயரிடப்பட்ட அந்த நொதிக்காக 1959-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, அதே நொதி ஏறக்குறைய இல்லாமலே இயல்பாகப் பெருகும் ஒரு பாக்டீரியாவை ஜான் கெய்ர்ன்ஸ் கண்டெடுத்தபோது, உண்மையில் நகலெடுக்கும் நொதி வேறொன்றாக இருக்க வேண்டும் என்பது தெளிவானது. அதைத் தேடிப் பிடித்தவர்களில் கோர்ன்பெர்க்கின் மகன் தாமஸும் ஒருவர். அவர் அப்போது ஜூலியார்ட் இசைப் பள்ளியில் செல்லோ வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த மாணவர் என்பது கூடுதல் சுவை. அப்பா கண்டுபிடித்த நொதிக்கும் செல்லில் வேலை உண்டு. பழுது பார்ப்பதும் இடைவெளிகளை நிரப்புவதும் அதன் பொறுப்பு.

நகலில் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது என்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றில் பழையது எது, புதியது எது என்று எப்படிப் பிரித்தறிந்தார்கள்?
– பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

எடை பார்த்துப் பிரித்தார்கள். உயிரியலில் இத்தனை துப்புரவாக விடை சொன்ன சோதனைகள் குறைவு என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம், வகுப்பில் பயன்படும்.

1953-க்குப் பிறகு மூன்று கருத்துகள் களத்தில் இருந்தன. பழைய இரட்டைச் சுருள் அப்படியே இருக்க, முழுவதும் புதியதாக இன்னொன்று உருவாகிறது என்பது முதலாவது. ஒவ்வொரு நகலிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது என்பது இரண்டாவது. பழையதும் புதியதும் துண்டு துண்டாக எல்லா இழைகளிலும் கலந்துவிடுகின்றன என்பது மூன்றாவது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய மேத்யூ மெசல்சனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும் இம்மூன்றையும் ஒரே சோதனையில் வேறுபடுத்திக் காட்டி, முடிவை 1958-இல் வெளியிட்டார்கள்.

டிஎன்ஏவின் காரங்களில் நைட்ரஜன் உண்டு. இயற்கையில் மிகுதியாகக் கிடைப்பது நிறை எண் 14 கொண்ட நைட்ரஜன். கதிரியக்கம் எதுவும் இல்லாமல், எடை மட்டும் சற்றுக் கூடிய நைட்ரஜன்-15 என்ற வகையும் இருக்கிறது. இருவரும் ஈ.கோலி பாக்டீரியாக்களைக் கனமான நைட்ரஜன் மட்டுமே உள்ள ஊட்டக் கரைசலில் 14 தலைமுறைகள் வளர்த்தார்கள். இதனால் அவற்றின் டிஎன்ஏ ஏறக்குறைய முழுவதும் கனமானதாகிவிட்டது. பிறகு அவற்றைச் சட்டென்று சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, ஒவ்வொரு தலைமுறையிலும் மாதிரி எடுத்தார்கள். மாதிரியைச் சீசியம் குளோரைடு கரைசலில் கலந்து, நிமிடத்துக்குச் சுமார் 45,000 சுற்று வேகத்தில் 20 மணி நேரம் சுழற்றினால், கரைசல் அடியில் அடர்த்தி மிகுந்தும் மேலே அடர்த்தி குறைந்தும் அமையும். டிஎன்ஏ தன் அடர்த்திக்குச் சமமான மட்டத்தில் போய் ஒரு கோடாக நின்றுவிடும். புற ஊதா ஒளியில் படமெடுத்தால் அந்தக் கோடு கருமையாகத் தெரியும்.

முதல் தலைமுறைக்குப் பின் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. அது கனமான இடத்துக்கும் இலேசான இடத்துக்கும் சரிபாதியில் நின்றது. பழையது அப்படியே இருக்கும் என்ற முதல் கருத்து உண்மையானால் இரண்டு கோடுகள் வந்திருக்க வேண்டும்; ஆகவே அது அடிபட்டுப்போனது. இரண்டாம் தலைமுறைக்குப் பின் இரண்டு கோடுகள் சம அளவில் தெரிந்தன. ஒன்று அதே நடு இடத்தில், மற்றொன்று முழுக்க இலேசான இடத்தில். எல்லாம் கலந்துவிடும் என்ற மூன்றாவது கருத்து உண்மையானால் ஒரே கோடு சற்று மேலேறி நின்றிருக்க வேண்டும். ஆகவே அதுவும் போயிற்று. நடுவில் நின்ற டிஎன்ஏவைச் சூடாக்கி இழைகளைப் பிரித்தபோது கனமான இழைகளும் இலேசான இழைகளும் தனித்தனியே கிடைத்தன. இதற்கு முந்தைய ஆண்டில் ஹெர்பர்ட் டெய்லரும் அவருடைய குழுவினரும் ஓர் அவரை வகையின் வேர் நுனிச் செல்களில் தைமின் எழுத்துக்கு மூலப்பொருளான தைமிடினைக் கதிரியக்கமூட்டிச் செலுத்தி, குரோமோசோம் அளவில் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆகவே இது பாக்டீரியாவுக்கு மட்டும் உரியதன்று.

இது எல்லாச் செல்களிலும் எந்நேரமும் நடக்கிறதா?
– வாசகர், ஈரோடு

இல்லை. பிரியப் போகும் செல்லில் மட்டும், பிரிவதற்கு முன் ஒரே ஒரு முறை நடக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் ஒன்று ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பிரிகிறது என்றால், அதில் சுமார் 8 மணி நேரம் நகலெடுப்பதற்குப் போகும். குடலின் உட்பூச்சுச் செல்கள் சில நாள்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. முதிர்ந்த நரம்புச் செல்கள் பிரிவதில்லை. முதிர்ந்த சிவப்பணுவில் நகலெடுப்பதற்கு உட்கருவே இல்லை. 'ஒரே ஒரு முறை' என்பதை உறுதிசெய்ய ஓர் ஏற்பாடு உண்டு. நகலெடுப்பைத் தொடங்க வேண்டிய இடங்களில் சில புரதங்கள் முன்கூட்டியே வந்து அமர்கின்றன. வேலை தொடங்கிவிட்டால் புதிதாக எதுவும் வந்து அமர முடியாதபடி செல் தடுத்துவிடுகிறது. ஆகவே நகலான பகுதி அதே சுற்றில் மறுபடி நகலாவதில்லை.

ஓர் இழை தொடர்ச்சியாகவும் மற்றோர் இழை துண்டு துண்டாகவும் நகலெடுக்கப்படுவதாகப் படித்தேன். துண்டுகளாகச் செய்து பிறகு ஒட்டுவது வீண் வேலையாகத் தோன்றுகிறதே. இயற்கை இதைவிட எளிய வழியைக் கண்டிருக்கக் கூடாதா?
– பொறியாளர், கோயம்புத்தூர்

உங்கள் சந்தேகம் நியாயமானது. டிஎன்ஏ நகலெடுப்பில் விசித்திரமாகத் தெரியும் பலவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு விதிதான்: பாலிமரேஸ் நொதியால் புதிய எழுத்தை இழையின் ஒரு முனையில் மட்டுமே சேர்க்க முடியும். இழைக்குத் திசை உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் இழையில் தாங்கியிருப்பது ஒரு சர்க்கரை மூலக்கூறு. அதன் 5-ஆம் கரி அணு வெளியே தெரியும் முனையை 5 முனை என்றும், 3-ஆம் கரி அணு தெரியும் முனையை 3 முனை என்றும் அழைக்கிறார்கள். புதிய எழுத்து 3 முனையில்தான் சேரும். இரட்டைச் சுருளின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஹெலிகேஸ் என்னும் நொதி அவற்றைப் பிரித்துக்கொண்டே முன்னேறும்போது, ஒரு பக்கத்துப் பாலிமரேஸ் அதன் பின்னாலேயே தடையின்றி வரலாம். மறுபக்கத்தில் எழுதும் திசை நேர்மாறானது. அங்கே கொஞ்சம் பிரிந்ததும் ஒரு துண்டு எழுதி, இன்னும் கொஞ்சம் பிரிந்ததும் அடுத்த துண்டை எழுதித்தான் ஆக வேண்டும்.

சரி, எதிர்த் திசையில் எழுதும் இன்னொரு நொதி ஏன் இல்லை? விடை ஆற்றலில் இருக்கிறது. செல்லில் மிதக்கும் ஒவ்வோர் எழுத்தும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. இழையில் சேரும்போது இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்று, இணைப்புக்கு வேண்டிய ஆற்றலைத் தருகின்றன. அதாவது ஒவ்வோர் எழுத்தும் தன் இணைப்புச் செலவைத் தானே கொண்டுவருகிறது. தவறான எழுத்து சேர்ந்துவிட்டால் பாலிமரேஸ் அதை வெட்டி நீக்குகிறது; அடுத்து வரும் சரியான எழுத்து தன் ஆற்றலோடு வந்து சேர்கிறது. எதிர்த் திசையில் எழுதுவதானால் இந்த ஆற்றல் வரும் எழுத்தில் இல்லாமல், வளரும் இழையின் நுனியில் இருந்தாக வேண்டும். அங்கே தவறான எழுத்தை வெட்டினால் நுனியிலிருந்த ஆற்றலும் கூடவே போய்விடும்; இழை மேற்கொண்டு வளர வழியிருக்காது. பிழை திருத்தும் வசதியை விட்டுக்கொடுக்காமலிருக்கத் துண்டுகளாக எழுதும் சிரமத்தை இயற்கை ஏற்றுக்கொண்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பொறியாளரான உங்களுக்கு இந்தப் பேரம் மோசமானதாகத் தோன்றாது என்றே நினைக்கிறோம்.

இந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகி, ட்சுனேகோ ஒகசாகி தம்பதியர். பாக்டீரியாக்களுக்குக் கதிரியக்கத் தைமிடினைச் சில விநாடிகள் மட்டுமே கொடுத்து உடனே நிறுத்தினால், அந்த நொடிகளில் உருவான டிஎன்ஏ சிறு துண்டுகளாகக் கிடைத்தது. கூடுதல் நேரம் கொடுத்தால் அதே கதிரியக்கம் நீண்ட இழைகளில் காணப்பட்டது. துண்டுகள் முதலில் உருவாகிப் பிறகு இணைக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1968-இல் இம்முடிவுகள் வெளியாயின. சிறுவயதில் ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி, 1975-இல் இரத்தப் புற்றுநோயால் 44 வயதில் இறந்தார். ஆய்வை ட்சுனேகோ தொடர்ந்து நடத்தினார்.

பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 எழுத்துகள் நீளம். மனிதச் செல்லில் 100 முதல் 200 எழுத்துகள்தான். பாலிமரேஸால் வெறும் இடத்திலிருந்து எழுதத் தொடங்க முடியாது என்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் பிரைமேஸ் என்னும் நொதி டிஎன்ஏவின் நெருங்கிய உறவான ஆர்என்ஏவில் ஒரு சிறிய தொடக்கத்தை எழுதித் தருகிறது. பின்னர் அது நீக்கப்பட்டு, இடைவெளி நிரப்பப்பட்டு, லைகேஸ் நொதியால் துண்டுகள் ஒட்டப்படுகின்றன. ஒரு மனிதச் செல் ஒரு முறை பிரிவதற்கு 3 கோடிக்கும் அதிகமான துண்டுகளை இப்படி ஒட்டியாக வேண்டும்.

ஒரு செல்லில் 2 மீட்டர் நீள டிஎன்ஏ இருப்பதாகச் சொல்கிறார்கள். அது சிக்கலாகாமல் சில மணி நேரத்தில் எப்படி நகலாகிறது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

முதலில் நேரத்தைப் பார்ப்போம். ஈ.கோலியின் பாலிமரேஸ் நொடிக்கு ஏறக்குறைய 1,000 எழுத்துகள் எழுதும். மனிதச் செல்லில் நொடிக்குச் சுமார் 50 எழுத்துகள்தான். நம்முடைய மிகப் பெரிய குரோமோசோமில் ஏறக்குறைய 25 கோடி எழுத்து இணைகள் உள்ளன. அதன் நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொடங்கி இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு போனால் முடிக்க ஒரு மாதம் ஆகும். 8 மணி நேரத்தில் முடிவதற்குக் காரணம், நம் குரோமோசோம்கள் அனைத்திலும் சேர்த்துப் பல்லாயிரம் இடங்களில் வேலை தொடங்குவதுதான். எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை, சில முன்னதாகவும் சில பின்னதாகவும் தொடங்குகின்றன.

உண்மையான தலைவலி முறுக்குதான். இரண்டு புரி கொண்ட தேங்காய்நார்க் கயிற்றை ஒரு முனையில் பிடித்துப் புரிகளைப் பிரித்துக்கொண்டே போனால், பிரியாத பகுதியில் முறுக்கு ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் கயிறு தன்மேலேயே சுருண்டுகொள்ளும். டிஎன்ஏவில் சுமார் 10 எழுத்துகளுக்கு ஒரு சுற்று இருக்கிறது. நொடிக்கு 1,000 எழுத்துகள் வேகத்தில் பிரிக்கும் பாக்டீரியாவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,000 சுற்று முறுக்கை அவிழ்த்தாக வேண்டும். இதைச் செய்பவை டோபோஐசோமரேஸ் என்னும் நொதிகள். இவை டிஎன்ஏவின் ஓர் இழையையோ இரண்டையுமோ வெட்டி, வெட்டிய முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, முறுக்கு தளர்ந்ததும் திரும்ப ஒட்டிவிடுகின்றன. செல்லுக்குள் நடக்கும் வேலைகளில் இத்தனை ஆபத்தானவை சிலவே. வெட்டியதை ஒட்டாமல் விட்டால் குரோமோசோம் உடைந்துபோகும்.

அந்த ஆபத்தையே மருத்துவம் ஆயுதமாக்கியிருக்கிறது. மருந்துக் கடைகளில் எல்லோரும் அறிந்த சிப்ரோஃபிளாக்சசின், பாக்டீரியாவின் இவ்வகை நொதிகளை வெட்டிய நிலையிலேயே முடக்கிவிடுகிறது. புற்றுநோய்க்குத் தரப்படும் இரினோடெக்கான், டோபோடெக்கான் ஆகியவை மனித நொதி ஒன்றை அவ்வாறே முடக்குகின்றன. பிரியும் செல்களே இதனால் அதிகம் பாதிக்கப்படும். இவ்விரு மருந்துகளுக்கும் மூலமான காம்ப்டோதெசின் என்ற பொருளைச் சீன மரம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து 1966-இல் அறிவித்தவர்கள் மன்ரோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டஸ் என்ற சிறு மரத்திலும் இப்பொருள் உண்டு.

நகலெடுக்கும்போது எவ்வளவு பிழை ஏற்படும்? எல்லாப் பிழையும் நோயாகுமா?
– செவிலியர், வேலூர்

பாலிமரேஸ் எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனமாக இருந்தால், ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஒரு பிழை வரும். கேட்க நல்ல கணக்காகத் தோன்றினாலும், ஒரு மனிதச் செல் பிரிய 1,280 கோடி எழுத்துகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் லட்சத்துக்கு மேற்பட்ட பிழைகள் விழும் என்று அதற்குப் பொருள். தவறான எழுத்து சேர்ந்தால் இழையின் நுனி சரியாகப் பொருந்தாமல் விலகி நிற்கும். நொதியின் இன்னொரு பகுதி அதை உடனே வெட்டிவிடும். இதனால் பிழை நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. அதிலும் தப்பியவற்றைப் பின்னால் வரும் பொருந்தா இணை திருத்தும் புரதங்கள் பிடிக்கின்றன. முடிவில் நூறு கோடி எழுத்துகளுக்கு ஒன்று, அல்லது அதைவிடக் குறைவு என்ற அளவில் பிழை நிற்கிறது. ஒரு பிரிதலுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கடைசிக் கட்டத்தில் ஒரு நுணுக்கமான சிக்கல் இருக்கிறது. ஓரிடத்தில் குவானைனுக்கு எதிரே தைமின் நிற்கிறது என்றால் தவறு எது? குவானைனா, தைமினா? புதிய இழையில் உள்ளதுதான் தவறு. ஆனால் புதிய இழை எது என்று தெரிந்தாக வேண்டும். ஈ.கோலி தன் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் மீதைல் குழு என்னும் சிறு வேதித் துணுக்கை ஒட்டி அடையாளமிட்டு வைத்திருக்கிறது. இப்போதுதான் எழுதப்பட்ட இழைக்கு அந்த அடையாளம் கிடைக்கச் சற்று நேரமாகும். அந்த இடைவேளையில் அடையாளமில்லாத இழையைப் புதியது என்று கொண்டு திருத்திவிடுகிறது. இந்த முறையை அங்குலம் அங்குலமாக விளக்கிய பால் மாட்ரிச், 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைத் தாமஸ் லிண்டால், அசீஸ் சன்சார் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். மனிதச் செல்லில் அடையாளம் வேறு வகையானது. திருத்தும் புரதங்கள் ஏறக்குறைய அவையே. அவற்றுக்கான மரபணுவில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் லிஞ்ச் கூட்டறிகுறி என்னும் நிலை ஏற்படுகிறது. அந்தக் குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் இளம் வயதிலேயே வரும் வாய்ப்பு மிகுதி.

எல்லாப் பிழையும் நோயாவதில்லை. பெரும்பாலானவற்றால் எந்த விளைவும் இல்லை. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தையிலும் சில பத்துகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தந்தை வழியாக வருகிறது. தந்தையின் வயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடுகிறது, ஏனெனில் விந்தணுவை உருவாக்கும் செல்கள் ஆயுள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைக்கு வரும் குறைக்கெல்லாம் தாயையே குற்றம் சொல்லும் வழக்கத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருப்பீர்கள்; இந்தச் செய்தியை அங்கே சொல்லலாம்.

டெலோமியரை நீட்டி முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரை என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். காரணத்தை மேலே சொன்ன ஒருவழி விதியிலிருந்தே விளக்கலாம். துண்டு துண்டாக எழுதப்படும் இழையில், கடைசித் துண்டின் ஆர்என்ஏ தொடக்கத்தை நீக்கிய பின் அந்த இடத்தை நிரப்ப வழியில்லை. அதற்கு அப்பால் எழுதத் தொடங்க இடமே இல்லை. ஆகவே ஒவ்வொரு நகலிலும் குரோமோசோமின் முனை சிறிது தேய்கிறது. பாக்டீரியாவின் டிஎன்ஏ பெரும்பாலும் வளையமாக இருப்பதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. நம் குரோமோசோம்களின் முனைகளில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற வரிசை ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. இதுவே டெலோமியர். தேய்வது இந்தப் பகுதியே என்பதால் மரபணுக்கள் தப்பிக்கின்றன. உடற்செல்கள் வரம்பின்றிப் பிரிவதில்லை என்று லியோனார்டு ஹேஃபிளிக் 1961-இல் காட்டியதற்கு இத்தேய்மானம் ஒரு முக்கியக் காரணம். தேய்ந்ததை மீண்டும் நீட்டும் டெலோமரேஸ் நொதியை எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் டெட்ராஹைமினா என்ற குளத்து நுண்ணுயிரில் கண்டுபிடித்தார்கள். 2009-இல் இவர்களுக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விளம்பரம் சொல்லாமல் விடுவது இதுதான்: நம் உடற்செல்கள் பெரும்பாலானவற்றில் இந்த நொதி அடங்கிக் கிடக்கிறது, புற்றுநோய்களில் ஏறக்குறைய 10-இல் 9 பங்கில் இது விழித்துக்கொண்டிருக்கிறது. இதைத் தூண்டுவதாகச் சொல்லும் மாத்திரை உண்மையிலேயே வேலை செய்தால் கவலைப்பட வேண்டும். வேலை செய்யாவிட்டால் பணம் வீண்.

மூட்டுவாதத்துக்கு என் அம்மா வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். அது ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்து என்கிறார்கள். ஆனால் மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றை ஒன்று முறிக்காதா? கர்ப்பிணிகளுக்குத் தருவதும் இதே மாத்திரைதானா?
– வாசகி, திருநெல்வேலி

அதே வைட்டமின்தான், அளவு வேறுபடும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமின், யுராசில் என்ற காரத்தோடு ஒரே ஒரு கரி அணுவைச் சேர்த்துச் செய்யப்படுகிறது. அந்தக் கரி அணுவைச் சுமந்து வந்து தருவது ஃபோலேட் என்னும் வைட்டமின். அது குறைந்தால் தைமின் குறையும். தைமின் குறைந்தால் நகலெடுப்பு தடுமாறும். இதனால் முதலில் பாதிக்கப்படுவது, நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை. அங்குள்ள செல்கள் பெரிதாக வளர்கின்றன, ஆனால் டிஎன்ஏவை நகலெடுத்து முடித்துப் பிரிய முடிவதில்லை. அளவில் பெரிய, எண்ணிக்கையில் குறைந்த சிவப்பணுக்களோடு இரத்தசோகை ஏற்படுகிறது. கருவில் செல்கள் விரைந்து பிரியும் முதல் வாரங்களில் இந்தக் குறை இருந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை அமைப்பில் கோளாறு ஏற்படும் வாய்ப்பும் கூடும். கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலம் தருவது இவற்றைத் தடுக்கத்தான். முதுகுத்தண்டு உருவாகும் குழல் கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிவிடுவதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்குவது நல்லது.

இந்த வைட்டமின் இருப்பதை உலகம் அறிந்துகொண்டது இந்தியாவில்தான். பம்பாய் ஜவுளி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய 1928-இல் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றிலுள்ள ஏதோ ஒரு பொருள் அதைக் குணப்படுத்துகிறது என்று 1931-இல் எழுதினார். 1929-இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் மகப்பேறு மருத்துவமனையிலும் அவர் இந்த ஆய்வைச் செய்தார். அந்தப் பொருள்தான் ஃபோலேட் என்பது பிற்பாடு தெரிந்தது. அடுத்த கட்டத்திலும் சென்னைக்குத் தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாபிரகத சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் தம் குழுவினருடன் ஃபோலிக் அமிலத்தையும், அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் தயாரித்தார். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-இல் அந்த முடிவு வெளியானது. கட்டுக்கடங்காமல் பிரியும் செல்லுக்குத் தைமின் கிடைக்காமல் செய்து அதை நிறுத்த முடியும் என்பதற்கு அது முதல் சான்றாக அமைந்தது. மெத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினின் நெருங்கிய உறவு.

இனி உங்கள் அம்மாவின் மாத்திரை. மூட்டுவாதத்துக்குத் தரும் அளவு, புற்றுநோய்க்குத் தரும் அளவைவிட மிகக் குறைவு. அந்தச் சிறிய அளவில் மருந்து அழற்சியைத் தணிப்பது பெரும்பாலும் வேறு வழியில்; நகலெடுப்பைத் தடுப்பது அங்கே முக்கிய நோக்கம் அன்று. ஆனால் வாய்ப்புண், குமட்டல், இரத்த அணுக்கள் குறைதல் போன்ற பக்கவிளைவுகளில் ஃபோலேட் குறைபாட்டுக்குப் பங்கு உண்டு. ஃபோலிக் அமிலம் அவற்றைக் குறைக்கிறது. மூட்டுவாதத்துக்குக் கிடைக்கும் பலனைக் கெடுப்பதில்லை. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் நாளில் ஃபோலிக் அமிலத்தைத் தவிர்க்கும்படி பல மருத்துவர்கள் சொல்வதுண்டு. உங்கள் மருத்துவர் சொன்ன நாளையே பின்பற்றுங்கள். எதற்கும் மேலாக, வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை மறதியால் தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கிழமையை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள். ஃபோலிக் அமில அட்டையை அதனோடு சேர்த்து வைக்காதீர்கள்.